பாதி கணினி, பாதி கை: லிலியன் ஷ்வார்ட்ஸ் படம் எடுத்த விதம்

1970-ல் லிலியன் ஷ்வார்ட்ஸ் எடுத்த 'பிக்ஸிலேஷன்' நாலு நிமிடப் படம். கதை கிடையாது, மனிதர்கள் கிடையாது. கறுப்பும் வெள்ளையுமாகச் சின்னச் சின்னக் கட்டங்கள், சுவரில் ஈரம் பரவுவதுபோல் திரையில் பரவுகின்றன, அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே செக்கச்சிவந்த சாயம் குபுக்கென்று கொப்பளித்து விரிகிறது, அது அடங்குவதற்குள் மறுபடி கட்டங்கள், அப்புறம் படிகங்கள் முளைவிட்டு வளர்கின்றன. கெர்ஷன் கிங்ஸ்லி மூக் சிந்தசைசரில் அமைத்த இசை இதற்கெல்லாம் ஈடுகொடுத்து ஓடுகிறது. கணினி அனிமேஷனின் ஆரம்பகாலத்தைப் பேசும்போது தவறாமல் வரும் படம் இது. ஆனால் அந்தச் சிவப்புச் சாயம் கணினியில் வந்ததல்ல. கண்ணாடியின் மேல் கையால் சாயத்தை ஓடவிட்டு ஃப்ரேம் ஃப்ரேமாகப் படம்பிடித்தது. படிகங்களும் அப்படித்தான், நிஜமாகவே வளர்ந்த படிகங்கள். கட்டங்கள் மட்டும்தான் கணினி போட்டவை, அவையும் கணினியிலிருந்து வந்தபோது வெறும் கறுப்பு வெள்ளை.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்கு அந்தப் படத்தின் மேல் மதிப்பு கூடியதே தவிரக் குறையவில்லை. ஏன் என்பதைத்தான் எழுத நினைக்கிறேன். லிலியன் ஷ்வார்ட்ஸை 'முதன்முதலில் கணினியைப் பயன்படுத்திய பெண் கலைஞர்களில் ஒருவர்' என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது. அந்த வரியில் தப்பொன்றும் இல்லை, ஆனால் அவர் என்ன செய்தார் என்பது அதில் இல்லவே இல்லை.

முதலில் அந்தக் காலத்துக் கணினியில் படம் எடுப்பது என்றால் என்ன என்று பார்த்துவிடலாம், இது புரியாமல் மற்றது எதுவும் புரியாது. இடம், அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் முர்ரே ஹில் என்ற ஊரிலிருந்த பெல் ஆய்வுக்கூடம். டிரான்சிஸ்டர் பிறந்த இடம். 1963-ல் அங்கே எட்வர்ட் ஸஜாக் என்பவர் ஒரு செயற்கைக்கோள் பூமியைச் சுற்றும்போது எப்படித் திரும்புகிறது, எப்படிப் புரள்கிறது என்பதைக் காட்ட ஒரு சிறு படத்தைக் கணினியில் வரைந்தார். கணினியில் உருவான முதல் அசையும் படங்களில் அதுவும் ஒன்று. கலைநோக்கம் எதுவும் இல்லை, சமன்பாடுகள் சரியாக வேலை செய்கின்றனவா என்று கண்ணால் பார்ப்பதற்காக எடுத்தது. அதே ஆண்டு அதே கூடத்தில் கென் நோல்டன் 'பெஃப்லிக்ஸ்' என்று ஒரு நிரல்மொழி எழுதினார். 'பெல் ஃப்ளிக்ஸ்' என்பதன் சுருக்கம், அதாவது பெல்லின் சினிமா. திரையை அகலத்தில் 252, உயரத்தில் 184 கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் கறுப்பிலிருந்து வெள்ளை வரை எட்டு அளவுகளில் ஒன்றைக் கொடுக்கும் மொழி அது. பெருக்கிப் பார்த்தால் 46,368 கட்டங்கள். இன்றைக்குக் கைபேசியில் எடுக்கும் ஒரு போட்டோவில் கோடிக்கணக்கில் புள்ளிகள் இருக்கின்றன. ஆனாலும் அந்தக் காலத்து ஐபிஎம் 7094-க்கு இது பெரிய பாரம். அதன் மொத்த நினைவகமும் 32,768 சொற்கள்தான், ஒரு சொல்லுக்கு 36 பிட். எட்டு அளவுகளில் ஒன்றைக் குறிக்க ஒரு கட்டத்துக்கு மூன்று பிட் என்று கணக்குப் போட்டால் எட்டு ஃப்ரேம்களுக்குமேல் அதில் அடங்காது, அதிலும் நிரலுக்கு இடம் விட்டாக வேண்டும். நாலு நிமிடப் படத்துக்கு நொடிக்கு 24 வீதம் 5,760 ஃப்ரேம் வேண்டும்.

எதிரே திரை வைத்துக்கொண்டு வரையும் வேலையும் அல்ல. துளையட்டைகளில் நிரலைக் குத்தி அடுக்காகக் கட்டிக் கொடுக்க வேண்டும், முறை வரும்போது கணினி அதை ஓட்டி விடையைக் காந்த நாடாவில் எழுதும், அந்த நாடாவை எடுத்துக்கொண்டுபோய் ஸ்ட்ராம்பெர்க்-கார்ல்சன் 4020 என்ற இன்னொரு கருவியில் மாட்ட வேண்டும். அந்தக் கருவிக்குள் பழைய டிவிப் பெட்டியில் இருப்பதுபோல ஒரு படக்குழாய், அதை நோக்கியபடி ஒரு கேமரா. கணினி தரும் வரைபடங்களையும் எழுத்துகளையும் மைக்ரோஃபிலிமில் பதிவதற்காகச் செய்த கருவி அது, சினிமாவுக்காகச் செய்தது அல்ல. ஒவ்வொரு ஃப்ரேமாகக் குழாயில் தோன்றும், கேமரா பதியும், பிறகு ஃபிலிமைக் கழுவ வேண்டும். அதன்பிறகுதான் நாம் கேட்டது வந்திருக்கிறதா என்றே தெரியும். ஒரு துளை தப்பாக விழுந்திருந்தால் மறுபடி முதலிலிருந்து. நிறம் வேண்டுமென்றால் அது தனி வேலை, கறுப்பு வெள்ளை ஃபிலிமை ஆப்டிகல் பிரிண்டரில் போட்டு வண்ண ஃபில்டர் வழியாக மறுபடி பதிவுசெய்ய வேண்டும்.

ஒரு ஓவியருக்கு இதைவிடப் பொருந்தாத கருவி இருக்க முடியுமா? தூரிகையை வைத்ததும் நிறம் தெரிவதுதானே ஓவியம். இங்கே கட்டளை கொடுத்துவிட்டுக் கண்ணைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். ஆனால் ஷ்வார்ட்ஸுக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு வரைவது ஏற்கெனவே பழக்கம். அது அவர் வாழ்க்கையின் வேறொரு காலத்தில் நடந்த கதை.

1927-ல் ஒஹையோ மாநிலத்தின் சின்சினாட்டியில் பிறந்தவர். வீட்டில் நிறையப் பிள்ளைகள், பொருளாதாரப் பெருமந்தத்தின் காலம், கையில் அகப்பட்டதைக் கொண்டு வரைந்த சிறுமி. இரண்டாம் உலகப்போர் சமயத்தில் அரசு செலவில் நர்ஸ் படிப்பில் சேர்ந்தார், அந்தத் தொழில் அவருக்கு ஒத்துவரவில்லை, ஆனால் அங்கேதான் ஜாக் ஷ்வார்ட்ஸ் என்ற மருத்துவரைச் சந்தித்துக் கல்யாணம் செய்துகொண்டார். போர் முடிந்து ஜப்பான் அமெரிக்க ராணுவத்தின் கையில் இருந்த நேரத்தில் கணவருக்கு அங்கே வேலை. பின்னாலேயே போனவரைப் போலியோ தாக்கியது, கை கால் செயலிழந்து படுத்துவிட்டார். உடம்பு தேறிவரும் நாட்களில் ஒரு ஜப்பானிய ஆசிரியரிடம் தூரிகை எழுத்துக் கற்றுக்கொண்டார். அசையாத கைக்குத் தூரிகையை எப்படிக் கற்றுக்கொடுப்பது? முதலில் மனதில் முழுக்க வரைந்து முடி, ஒவ்வொரு இழுப்பும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று உள்ளுக்குள்ளேயே பார்த்துவிடு, காகிதம் அப்புறம் என்பதுதான் அந்தப் பயிற்சி.

கணினியோடு அவர் ஒத்துப்போனதற்கு இந்தப் பயிற்சியே முக்கியக் காரணம் என்பது என் எண்ணம். முடிவு கண்ணுக்குத் தெரிய நேரம் பிடிக்கும் ஒரு கருவியோடு வேலை செய்ய, படத்தை மனதிலேயே ஓட்டிப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். மற்ற ஓவியர்கள் பலர் பொறுமை இழக்கக்கூடிய இடம் அது. இவர் அதற்கு இருபது வருடம் முன்பே, வேறு வழியில்லாத நிலையில், அதைப் பழகிவிட்டார்.

நியூ ஜெர்சிக்கு வந்த பிறகு ஓவியத்தோடு நிற்காமல் பிளாஸ்டிக், விளக்கு, மோட்டார், பம்பு என்று எதைக் கண்டாலும் எடுத்துச் சிற்பம் செய்ய ஆரம்பித்தார். 1960களின் நடுவில் நியூயார்க்கில் கலைஞர்களையும் பொறியாளர்களையும் ஜோடி சேர்த்துவிடும் ஓர் அமைப்பு இயங்கியது, அதன் வழியாகப் பேர் பியோர்ன் என்ற பொறியாளரோடு சேர்ந்து 'ப்ராக்ஸிமா சென்டாரி' என்ற சிற்பத்தைச் செய்தார். கறுப்புப் பெட்டிமேல் ஒளிரும் குமிழ் ஒன்று. பார்வையாளர் கிட்டே வந்தால் தரையில் இருக்கும் அழுத்தப் பலகை உணர்ந்துகொள்ளும், குமிழ் மெல்லப் பெட்டிக்குள் இறங்கிவிடும். தொட்டாற்சிணுங்கிபோல. 1968 நவம்பரில் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம், இயந்திர யுகத்தின் முடிவில் இயந்திரத்தைக் கலைஞர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்ற பொருளில் நடத்திய பெரிய கண்காட்சியில் இதை வைத்தார்கள். அதே கண்காட்சியில் பெல் ஆய்வுக்கூடத்தின் லியோன் ஹார்மனும் கென் நோல்டனும் செய்த கணினிப் படம் ஒன்றும் இருந்தது. கிட்டே நின்று பார்த்தால் சின்னச் சின்னக் குறியீடுகள், தள்ளி நின்று பார்த்தால் படுத்திருக்கும் பெண். ஹார்மனும் ஷ்வார்ட்ஸும் அங்கே சந்தித்துக்கொண்டார்கள், முர்ரே ஹில்லுக்கு வாருங்களேன் என்று ஹார்மன் அழைத்தார். போனவர் 2002 வரை அங்கே போய்வந்துகொண்டிருந்தார்.

அவருக்கு அங்கே கிடைத்த பெயர் 'தங்கியிருக்கும் விருந்தாளி' என்ற பொருள் தரும் ஒன்று. முதல் பல வருடங்கள் சம்பளம் கிடையாது. இதற்கு ஒரு பின்னணி உண்டு. பெல் ஆய்வுக்கூடம் ஏடி அண்ட் டி என்ற தொலைபேசி நிறுவனத்தைச் சேர்ந்தது, அமெரிக்காவின் தொலைபேசி முழுக்க ஏறக்குறைய அதன் கையில், அரசின் கட்டுப்பாடும் அதற்கேற்ப. 1956-ல் நீதிமன்றத்தில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி அந்த நிறுவனம் தொலைத்தொடர்பைத் தவிர வேறு வியாபாரத்தில் இறங்கக் கூடாது. மக்கள் கட்டும் டெலிபோன் பில்லில் ஓடும் ஆய்வுக்கூடத்தில் ஓர் அம்மா கலைப்படம் எடுத்துக்கொண்டிருக்கிறார் என்றால் மேலிடத்துக்குத் தர்மசங்கடம்தான். ஆகவே கண் எப்படிப் பார்க்கிறது, நிறத்தை மூளை எப்படி உணர்கிறது என்ற ஆராய்ச்சியின் ஓரத்தில் அவருக்கு இடம் ஒதுக்கினார்கள். பகலில் கணினிக்கு வேறு வேலை. இரவில்தான் இவர் முறை. இந்த ஏற்பாட்டை நினைத்தால் ஒரு பக்கம் வருத்தமாக இருக்கிறது, அவ்வளவு உழைத்தவருக்கு ஊதியமில்லை. இன்னொரு பக்கம், யாரும் எதையும் எதிர்பார்க்காததால்தான் அவர் இஷ்டப்படி செய்ய முடிந்தது என்பதும் உண்மை.

அங்கே ஷ்வார்ட்ஸோடு சேர்ந்து வேலை செய்த நோல்டனுக்கு ஏற்கெனவே கலைஞர்களோடு பழக்கம் உண்டு. ஸ்டான் வாண்டர்பீக் என்ற படைப்பாளியோடு சேர்ந்து சொற்கள் மொசைக்காக உருமாறும் படவரிசை ஒன்றை 60களில் எடுத்திருக்கிறார். 1970 வாக்கில் 'எக்ஸ்ப்ளோர்' என்ற அடுத்த மொழியை எழுதினார், இதன் போக்கே வேறு. பெஃப்லிக்ஸில் எங்கே என்ன வரவேண்டும் என்று நாம் சொல்ல வேண்டும். எக்ஸ்ப்ளோரில் ஒவ்வொரு கட்டமும் தன் பக்கத்துக் கட்டங்களைப் பார்த்துத் தன்னை மாற்றிக்கொள்ளும்படி விதி கொடுக்கலாம், கூடவே கொஞ்சம் தற்செயலையும் கலக்கலாம். பக்கத்தில் மூன்று கட்டம் வெள்ளையாக இருந்தால் நீயும் வெள்ளையாகு, ஆனால் பத்தில் ஒரு தடவை மட்டும் ஆகாதே, இந்த மாதிரி. விதி சின்னதுதான், ஓடவிட்டால் பாசி பிடிப்பதுபோலவும் படிகம் வளர்வதுபோலவும் திரை தானாகவே வளரும். இப்போது 'பிக்ஸிலேஷன்' படத்தின் படிகங்களையும் சாயத்தையும் நினைத்துப் பாருங்கள். கணினியின் கட்டங்கள் வளரும் விதத்துக்கு இணையாக வெளி உலகில் எது வளர்கிறது என்று தேடிப் பிடித்து அதன் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார். கட்டம் படரும் வேகமும் சாயம் விரியும் வேகமும் எடிட்டிங்கில் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. கணினி தந்ததை அவர் முடிந்த பொருளாக எடுத்துக்கொள்ளவில்லை, கடையில் வாங்கிவந்த சாயம்போல எடுத்துக்கொண்டார். குழைக்க வேண்டும், கலக்க வேண்டும், வேண்டாததைத் தள்ள வேண்டும்.

கலைஞர்களோடு வேலை செய்த அனுபவத்தைப் பற்றி நோல்டன் 1972-ல் ஒரு கட்டுரை எழுதினார். நிரலாளர்கள் தர்க்கத்தில் ஊறியவர்கள், கலைஞர்கள் உள்ளுணர்வை நம்பிச் சட்டென்று திசை மாறுகிறவர்கள், இரண்டு தரப்புக்கும் மற்றவர் இல்லாமல் முடியாது என்பது அதன் சாரம். ஷ்வார்ட்ஸ் பிறகு தானும் நிரல் எழுதக் கற்றுக்கொண்டார். ஆனாலும் ஆரம்பப் படங்களில் இருவர் பெயரும் சேர்ந்தே இருக்கிறது. யாருடையது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க நினைப்பவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அதில் அர்த்தம் தெரியவில்லை. மொழி நோல்டனுடையது, அந்த மொழியில் எதைக் கேட்க வேண்டும், வந்ததில் எதை வைத்துக்கொள்ள வேண்டும் என்ற கண் ஷ்வார்ட்ஸுடையது.

அடுத்த இரண்டு மூன்று வருடங்களில் படங்கள் மளமளவென்று வந்தன. 'ஒலிம்பியாட்' 1971. எட்வர்ட் மைப்ரிட்ஜ் 19-ஆம் நூற்றாண்டில் ஓடும் மனிதனைப் படிப்படியாக எடுத்த புகைப்படங்களிலிருந்து உருவத்தை எடுத்துக் கட்டங்களாக மாற்றி, ஒருவர்மேல் ஒருவராக ஓடவிட்டிருக்கிறார், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். சினிமாவே பிறக்காத காலத்து அசைவை எடுத்துவந்து கணினிக்குக் கொடுத்தது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். 1972-ல் வந்த 'அபோதியோசிஸ்', புற்றுநோய்க்கான கதிர்வீச்சு சிகிச்சையில் கிடைத்த படங்களை வைத்துச் செய்தது. மருத்துவரின் மேசையில் இருக்க வேண்டிய படங்கள் அதில் நிறமும் ஒளியுமாக மிதக்கின்றன.

நான் அதிகம் சொல்ல விரும்புவது அதே ஆண்டு வந்த 'எனிக்மா'வைப் பற்றி. கறுப்பு வெள்ளைக் கோடுகளும் செவ்வகங்களும் வேகமாக மாறி மாறி மினுக்குகின்றன. கொஞ்ச நேரம் பார்த்தால் இல்லாத நிறங்கள் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும். இது மாயமில்லை. கறுப்பு வெள்ளை வட்டைச் சுழற்றினால் நிறம் தெரிகிறது என்று ஃபெக்னர் என்ற ஜெர்மானிய அறிஞர் 1838-லேயே எழுதியிருக்கிறார், 1895-ல் சார்ல்ஸ் பென்ஹாம் அதைப் பம்பரமாக்கி இங்கிலாந்தில் விற்றார். சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய நிறங்களை உணரும் கண்ணின் செல்கள் எல்லாம் ஒரே வேகத்தில் பதில் தருவதில்லை, வெளிச்சம் வந்து வந்து போகும்போது அவை ஒன்றுக்கொன்று முந்திப் பிந்தி வேலை செய்வதால் மூளை அதை நிறமாக எடுத்துக்கொள்கிறது என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். இப்போது ஸ்ட்ராம்பெர்க்-கார்ல்சனை நினைத்துப் பாருங்கள். அந்தக் கருவிக்கு நிறமே தெரியாது. நிறம் வேண்டுமென்றால் வெளியே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், அதற்குச் செலவு, நேரம். ஷ்வார்ட்ஸ் அந்தக் குறையை எடுத்துக்கொண்டு, சரி, நிறத்தைப் பார்ப்பவரின் தலைக்குள்ளேயே உண்டாக்கிவிடலாம் என்று திருப்பிவிட்டார். கருவியால் முடியாததைக் கண்ணைக் கொண்டு செய்யவைத்தார். கண்ணைப் பற்றிய ஆராய்ச்சி என்ற ஓரத்தில் அவருக்கு இடம் கொடுத்தார்கள் என்றேனே, அது வெறும் சாக்கு இல்லை என்பதற்கு இந்தப் படம் சாட்சி.

இசையையும் விட்டுவிட முடியாது. கணினியில் ஒலி உண்டாக்கும் நிரலை 1957-லேயே எழுதிய மேக்ஸ் மேத்யூஸ் அதே கூடத்தில்தான் இருந்தார், அவரைச் சுற்றி இசைக்காரர்கள் கூட்டம். 1971-ல் வந்த 'யூஎஃப்ஓஸ்' படத்துக்கு இம்மானுவேல் கெண்ட், அடுத்த ஆண்டின் 'ம்யூட்டேஷன்ஸ்' படத்துக்கு பிரெஞ்சு இசையமைப்பாளர் ழான்-க்ளோத் ரிஸே. அதனால் இந்தப் படங்களைச் சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பார்ப்பதில் பிரயோஜனமில்லை.

கலை உலகம் இதையெல்லாம் உடனே இரு கைநீட்டி வரவேற்றுவிடவில்லை. கணினியில் செய்தால் அது கலையே இல்லை, இயந்திரம் செய்ததற்கு இவர் ஏன் பெயர் போட்டுக்கொள்கிறார் என்ற கேள்வி அப்போது பரவலாக இருந்தது. அந்தக் கேள்வி இப்போது வேறு உருவத்தில் திரும்பி வந்திருக்கிறது. ஆனால் இவர் விஷயத்தில், ஃபிலிம் துண்டுகளை மேசையில் பரப்பி ஃப்ரேம் ஃப்ரேமாக வெட்டி ஒட்டியவரிடம், கண்ணாடியில் சாயத்தை நகர்த்தி நகர்த்திப் படம்பிடித்தவரிடம், அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே வேண்டாம். 1984-ல் நவீனக் கலை அருங்காட்சியகம் புதுப்பித்துத் திறக்கப்பட்டபோது அதற்காக இவர் கணினியில் செய்த அரை நிமிட டிவி விளம்பரத்துக்கு எம்மி விருது கிடைத்தது.

பத்திரிகைகள் அவரைப் பெரிதாகக் கவனித்தது 1987-ல், வேறொரு விஷயத்துக்காக. லியனார்டோ டாவின்சி தன்னையே வரைந்ததாகச் சொல்லப்படும் சிவப்புச் சுண்ணக்கட்டி ஓவியத்தைக் கணினியில் இடம் வலமாகத் திருப்பி, அளவைச் சரிசெய்து, மோனாலிசா முகத்தின் பாதியோடு பொருத்திக் காட்டினார். கண், மூக்கு, வாய் எல்லாம் ஒரே வரியில் வந்தன, ஆகவே மோனாலிசா லியனார்டோவேதான் என்றார். கலை வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் ஏற்கவில்லை, அந்தச் சிவப்பு ஓவியம் லியனார்டோவின் முகம்தானா என்பதிலேயே சந்தேகம் இருக்கும்போது அதை அளவுகோலாக எப்படி வைப்பது? ஒரே கையால் வரையப்பட்ட இரண்டு முகங்களில் விகிதம் ஒத்துப்போவதும் பெரிய அதிசயமில்லை. எனக்கும் அவர் முடிவில் நம்பிக்கை இல்லை. ஆனால் பழைய ஓவியத்தைக் கணினியில் ஏற்றி அளந்து பார்த்துக் கேள்வி கேட்கலாம் என்று அத்தனை சீக்கிரம் செய்து காட்டியதை ஒப்புக்கொள்ள வேண்டும். வருத்தம் என்னவென்றால், நிறைய பேருக்கு அவரைத் தெரிவதே இந்த மோனாலிசா கதையால்தான், படங்கள் பின்னால் போய்விட்டன.

2021-ல் அவருடைய ஃபிலிம்கள், ஓவியங்கள், காகிதங்கள் எல்லாம் மிச்சிகன் மாநிலத்தில் இருக்கும் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. பழைய கார்களும் நீராவி இயந்திரங்களும் இருக்கும் இடம். 2024 அக்டோபரில், 97 வயதில், அவர் நியூயார்க்கில் காலமானார்.

படங்களை இணையத்தில் பார்க்கலாம். 1976-ல் ஏடி அண்ட் டி அவரைப் பற்றி எடுத்த ஆவணப்படமும் கிடைக்கிறது, அவர் வேலை செய்வதை நேரிலேயே காட்டும். முதலில் அதைப் பார்த்துவிட்டு 'பிக்ஸிலேஷன்', பிறகு 'எனிக்மா' என்று போனால் சரியாக இருக்கும். 'எனிக்மா'வை இருட்டு அறையில், பெரிய திரையில் பாருங்கள், கைபேசியில் அந்த நிறங்கள் அவ்வளவாகத் தெரியாது. 'யூஎஃப்ஓஸ்' மிகக் கடுமையாக மினுக்கும் படம், வலிப்பு நோய் உள்ளவர்களும் மினுக்கும் வெளிச்சத்தில் தலைவலி வருகிறவர்களும் அதையும் 'எனிக்மா'வையும் விட்டுவிடுவது நல்லது.